வலது பக்கத்து நாமம்

திருப்பதி
நவம்பர் 9

அன்புத் தம்பி முனிரத்தினத்துக்கு அக்கா அலர்மேல்மங்கை எழுதுவது. நானும் மகள் யாமினியும் இங்கே சுகம். நீயும் உன்னோடு படகில் வந்த பையன் சுரேஷ்பாபுவும் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பு நோகாமல் இருக்கிறீர்களா?

போனில் பேசிப் பழகிய எனக்குப் பேனா பிடிக்கவே வரவில்லை. கேம்ப்பில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், இனி கடிதம்தான் என்று உன் மனைவி துர்கா சொன்னபோது விளையாடுகிறாள் என்று நினைத்தேன். கடையை மூடிவிட்டு, ஸ்டிக்கர் வெட்டுகிற மேசையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே.

தடா படகுத்துறையிலிருந்து உங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனதை யாமினி வீடியோவில் காட்டினாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. பழவேற்காடு ஏரியில் பூநாரை பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஊர்கிற மோட்டார் படகு அது. இடுப்பளவுத் தண்ணீரில் ஓடுகிற அதை வைத்துக்கொண்டு கடற்படை என்ன சண்டை போடப்போகிறது? படகு வேண்டுமென்றால் படகை எடுத்துக்கொண்டு போகட்டும், ஓட்டுகிறவனையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போவார்களா? துர்காவிடம் கேட்டேன். "அவருதான் அண்ணி, நானே வரேன்னு கையெழுத்துப் போட்டாரு" என்றாள். உன்னை நேரில் பார்க்கும்போது வைத்துக்கொள்கிறேன்.

படகின் முகப்பில் இரண்டு பக்கமும் நான் வெட்டி ஒட்டிய ரேடியம் நாமம் என்ன ஆயிற்று? படகு முழுக்கச் சாம்பல் நிறப் பெயிண்ட் அடித்துவிட்டார்களாமே. நல்ல ஷீட், ஐந்து வருஷத்துக்கு மங்காது. எழுது.

உன் சுகம் கேட்கும்
அக்கா


(இடம் எழுதக் கூடாதாம்)
நவம்பர் 18

அன்புள்ள அக்காவுக்கு முனிரத்தினத்தின் வணக்கம். நான் நலம். இங்கே மூன்று வேளையும் சப்பாத்தி. சுரேஷ்பாபு சோற்றைக் கனவில் காண்கிறான். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நம் கடிதங்களைப் படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். படிக்கிறவர் தூத்துக்குடிக்காரர். உன் கடிதத்தைக் கொடுக்கும்போது, "ஒங்க அக்கா நல்லா ஏசுதாங்கய்யா" என்று சிரித்தார். பார்த்து எழுது.

இந்தப் படகை ஏன் எடுத்தார்கள் என்று கேட்டாயே. கரையோரக் கடலில் எதிரிகள் கண்ணிவெடி வைத்திருக்கிறார்களாம். இரும்புக் கப்பல் பக்கத்தில் வந்தால் அது வெடிக்கும். நம்முடையது ஃபைபர் படகு, தண்ணீரில் அதிகம் அமிழாது. பெரிய கப்பல் போக முடியாத இடத்துக்கு நாங்கள் சாமான் கொண்டுபோகிறோம், ஆளைக் கொண்டுபோகிறோம். மலைபோல் ஒரு கப்பல், அது எங்களுக்காகத் தூரத்தில் காத்து நிற்கிறது. முதல் தடவை அதன் அடியில் போய் நின்றபோது அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம், மேல் விளிம்பு தெரியவில்லை. மேலேயிருந்து ஒருவர் எனக்கு சல்யூட் வைத்தார், அக்கா. எனக்கு. திருப்பி எப்படி வைப்பது என்று தெரியாமல் கும்பிட்டேன்.

நம் ஏரியில் எஞ்சின் நின்றால் இறங்கித் தள்ளிவிடுவோம். இங்கே இறங்கினால் அடியே கிடையாது. ஒருநாள் காலையில் கரை மறைந்து நாலு பக்கமும் ஒரே நிறமாக ஆனது. சுரேஷ்பாபு என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அன்னா, இதி சமுத்ரமா, ஆகாசமா?" என்றான்.

நாமத்தை எடுக்கவில்லை. ஸ்டிக்கர் எல்லாவற்றையும் சுரண்டிவிட்டுத்தான் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று உத்தரவு. சூலூர்ப்பேட்டை பெயிண்டர் பிளேடை எடுத்தார், அப்புறம் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். "சாமிய எப்படிண்ணா சொரண்றது" என்று தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மேலேயே அடித்துவிட்டார். எனக்கும் கை வரவில்லை. முந்தின நாள்தான் துர்கா நாமத்தின் மேல் மஞ்சள் பூசிப் பூஜை போட்டிருந்தாள். தண்ணீரில் குழைத்தால் ஏரியில் கரைந்துபோகும் என்று நல்லெண்ணெயில் குழைத்துப் பூசினாள். பெயிண்டர் அதைத் துணியால் துடைத்துவிட்டு அடித்தார்.

யாமினிக்கு என் ஆசி.
தம்பி முனிரத்தினம்


திருப்பதி
நவம்பர் 27

தம்பிக்கு, தூத்துக்குடி அண்ணாச்சிக்கும் சேர்த்து வணக்கம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, படி ஏறினால் பாட்டுப் பாடுகிறது.

உன் கடிதத்தைக் கடைக்கு வந்த எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். சல்யூட்டுக்குக் கும்பிடு போட்ட இடத்தில் எதிர்க்கடை வேங்கடாசலம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உன் தம்பி இன்னாம்மா, போட்டிங்லேர்ந்து மிலிட்டரிக்குப் போய்ட்டான்" என்று ஆட்டோக்காரர்கள் டீ வாங்கிக் கொடுக்கிறார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பயம் அதற்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது, அதைப் பற்றிப் பேச மாட்டேன்.

பெயிண்டர் செய்தது சரி. மேலே பெயிண்ட் மூடிவிட்டால் ரேடியத்தில் வெளிச்சம் பட வழியில்லை. சண்டை முடிகிறவரை உள்ளே தூங்கட்டும். நாமத்துக்கு அடியில் கடைப் பெயரையும் போன் நம்பரையும் சின்னதாக வெட்டியிருந்தேனே, அதுவும் போயிற்று. கடற்படைக்காரர்கள் யாராவது பார்த்து ஆர்டர் கொடுப்பார்கள் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

துர்கா போன ஞாயிற்றுக்கிழமை வந்தாள். ஸ்ரீ சிட்டி கம்பெனியில் நைட் ஷிஃப்டுக்கு மாற்றிவிட்டார்களாம். உன்னைப் பற்றிப் பேசாமல் முழுநாளும் வெங்காயம் உரித்தாள். அவளுக்கும் இரண்டு வரி அதிகமாக எழுது.

அக்கா


டிசம்பர் 8

அக்காவுக்கு வணக்கம். நாங்கள் நலம். சளி மட்டும் விடவில்லை. மழை, காற்று, எப்போதும் ஈரத் துணி.

ஒரு அதிசயம் நடந்திருக்கிறது. படகின் முகப்பில் பெயிண்ட் உரிந்துவிட்டது. நாமம் இருக்கிற இடத்தில் மட்டும். மற்ற இடத்தில் நகத்தால் கீறினாலும் வரவில்லை. நாமம் மட்டும், வெட்டி எடுத்த மாதிரி, இரண்டு பக்கமும் வெளியே வந்துவிட்டது. உன் போன் நம்பரோடுதான்.

பக்கத்துப் படகுக்காரர்கள் புறப்படும் முன் வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். கோவிந்தா கோவிந்தா என்று ஒருவர் கண்ணீர் விட்டார். எனக்கும் உடம்பு சிலிர்த்தது. மலையிலிருந்து இத்தனை தூரம் கூடவே வந்திருக்கிறாரே என்று தோன்றியது. லெப்டினன்ட் ஐயா இன்னும் பார்க்கவில்லை. பார்த்தால் திட்டுவார்.

இனி கொஞ்சம் தூரம் போக வேண்டியிருக்கும் என்று சொல்கிறார்கள். கடிதம் தாமதமானால் பயப்படாதே.

தம்பி


திருப்பதி
டிசம்பர் 13

முனி, நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அது அதிசயம் இல்லை, எண்ணெய். எண்ணெய் பட்ட இடத்தில் பெயிண்ட் பிடிக்காது. துர்கா ஸ்டிக்கர் மேல் மட்டும் மஞ்சளை எண்ணெயில் குழைத்துப் பூசினாள், துணியால் துடைத்தால் அது போகுமா? இருபது வருஷமாக ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறேன், நீ எழுதின முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவளைத் திட்டாதே, பாவம், நல்லதுக்குத்தான் பூசினாள்.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேள். ரேடியம் தானாக எரியாது. யார் விளக்கு அடிக்கிறார்களோ, அந்த விளக்குப் பக்கமே வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். படகில் இருக்கிற உனக்கு ஒன்றுமே தெரியாது, விளக்கு வைத்திருக்கிறவன் கண்ணுக்கு மட்டும் பளிச்சென்று தெரியும். அதற்காகத்தான் லாரிக்கு ஒட்டுகிறோம். அந்தக் கடலில் உன்மேல் விளக்கு அடிக்கப்போகிறவன் யார் என்று யோசித்துப் பார். நான் வெட்டின நாமமே உன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் இல்லை.

இரண்டு பக்கமும் சுரண்டி எடுத்துவிடு. இன்றைக்கே. சூடு காட்டினால் பசை இளகும், பிளேடைச் சாய்த்துப் பிடி. சாமி குற்றமெல்லாம் என் தலையில் இருக்கட்டும், நான் மலையேறி மொட்டை போட்டுக்கொள்கிறேன். எடுத்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது.

அக்கா


திருப்பதி
டிசம்பர் 30

தம்பி, எப்படி இருக்கிறாய்?

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. டிவியில் கடலில் ஒரு கப்பல் மூழ்கிவிட்டது என்றார்கள். அதற்குமேல் சொல்லவில்லை. துர்கா இங்கேதான் இருக்கிறாள். நாமம் வெட்டித் தரச் சொல்லி வருகிறவர்களிடம் ஷீட் தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்கிறேன். சுரண்டிவிட்டாயா? அந்த ஒரு வார்த்தை போதும்.

அக்கா


ஜனவரி 6

அன்புள்ள அக்கா, நான் உயிரோடு இருக்கிறேன். கையில் சின்ன வெட்டு, தையல் போட்டாயிற்று. சுரேஷ்பாபுவும் நலம். துர்காவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். உங்கள் எல்லோரையும் இப்படிக் காக்க வைத்ததற்கு மன்னித்துவிடு.

நீ சுரண்டச் சொன்ன கடிதம் சுற்றிச் சுற்றி, நாங்கள் புறப்படுகிற அன்று பகலில்தான் கைக்கு வந்தது. படித்தவுடன் பிளேடை எடுத்தேன். சுடுதண்ணீர் ஊற்றி வலது பக்கத்து நாமத்தை முழுக்க எடுத்தேன். இடது பக்கத்துக்கு வருவதற்குள் எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். கப்பல் ஒன்று மூழ்கிக்கொண்டிருக்கிறது, ஆட்கள் தண்ணீரில் இருக்கிறார்கள், கண்ணி இருக்கிற இடம், ஃபைபர் படகுதான் போக முடியும், வருகிறாயா என்றார் லெப்டினன்ட் ஐயா. உத்தரவாகச் சொல்லவில்லை, கேட்டார். தடாவிலிருந்து வந்த பூநாரைப் படகுகள் எட்டும் போயின.

போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மழையில் கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. எதிரிப் படகும் அங்கே சுற்றிக்கொண்டிருந்ததால் நாங்கள் விளக்குப் போடக் கூடாது, குரல் கொடுக்கவும் கூடாது. எஞ்சினை மெதுவாக விட்டுக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டு போனோம். தண்ணீரில் இருக்கிறவர்களுக்கும் அதே பயம். வருவது யார் படகு என்று தெரியாமல் மூச்சுக் காட்டாமல் மிதந்திருக்கிறார்கள்.

அப்போது இடது பக்கமிருந்து விசில் வந்தது. ஒன்று, அப்புறம் இரண்டு, அப்புறம் நிறைய. படகைத் திருப்பினேன். ஒருவர் கையை ஒருவர் கோத்துக்கொண்டு வட்டமாக மிதந்தார்கள், அக்கா. கடலின் நடுவே மனிதர்களால் கட்டின பூமாலை மாதிரி இருந்தது. பதினொரு பேர். ஒவ்வொருவராக இழுத்து ஏற்றினோம். கடைசியாக ஏறினவர் மிசோரத்துக்காரர். ஏறும் முன்னால் முகப்பைத் தடவித் தடவிப் பார்த்தார்.

எஞ்சின் சத்தம் கேட்டதும் அவர்தான் துணிந்து ஒரே ஒரு தடவை டார்ச் அடித்திருக்கிறார். நாமம் தெரிந்திருக்கிறது. நாங்கள் விளக்கே இல்லாமல் கறுப்பாகப் போய்க்கொண்டிருந்தோம், அவர் கண்ணுக்கு மட்டும் அது எரிந்திருக்கிறது. நீ எழுதினது அப்படியே உண்மை. விளக்கு அடிக்கிறவன் யார் என்பதுதான் மாறிப்போனது.

அன்றிலிருந்து என்னால் சத்தமாகப் பேச முடியவில்லை. கோயிலுக்குள் இருக்கிற மாதிரியே இருக்கிறது.

தம்பி முனிரத்தினம்


திருப்பதி
ஜனவரி 17

என் தம்பிக்கு, அக்கா நலம், எல்லோரும் நலம். உன் கடிதத்தை நடுக்கடையில் நின்று படித்தேன். துர்கா அதைப் பிடுங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஓடிவிட்டாள். ஷீட் வந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

நேற்று கடை நம்பருக்கு ஒரு போன் வந்தது. சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து உன் மிசோரத்துக்காரர். கரைக்கு வந்ததும் நாமத்துக்கு அடியில் இருந்த நம்பரைக் கையில் எழுதி வைத்துக்கொண்டாராம். யாத்திரைக்காரர்களிடம் கற்ற என் ஹிந்தியும் அவருடைய ஹிந்தியும் ஒன்றையொன்று தடவிக்கொண்டு போயின. நீ தண்ணீரில் குதித்ததையும், நினைவு தப்பின ஒருவரை முதுகில் கட்டிக்கொண்டு நீந்தினதையும் அவர் சொல்லித்தான் தெரியும். கையில் சின்ன வெட்டு என்று எழுதுகிறாய். இருக்கட்டும்.

அவருக்கு நாமம் என்றால் என்ன என்று தெரியாது. "அது உங்க சாமி குறின்னு அப்புறம்தான் சொன்னாங்க. தண்ணியில பாக்கும்போது யாரோ ரெண்டு கையையும் மேல தூக்கிக்கிட்டு நிக்கிற மாதிரி இருந்தது. எங்களைக் கூப்பிடறாருன்னு நெனைச்சேன்" என்றார். முனி, எத்தனை ஆயிரம் நாமம் வெட்டியிருப்பேன். இரண்டு பக்கமும் வெள்ளை, நடுவே சிவப்பு, அதுதான் எனக்குத் தெரியும். போனை வைத்துவிட்டு, சுவரில் தொங்குகிற நாமத்தைப் பார்த்தேன். கையைத் தூக்கிக்கொண்டு ஒரு ஆள் நின்றிருந்தார். இத்தனை நாள் எனக்கு ஏன் தெரியவில்லை?

அவர் இன்னொன்றும் சொன்னார். கப்பலிலிருந்து குதித்தபோது அவர்கள் எல்லோரும் ஒன்றாகத்தான் இருந்தார்களாம். அலை இரண்டாகப் பிரித்துவிட்டதாம். "உங்க தம்பி படகு எங்க ரெண்டு கூட்டத்துக்கும் நடுவுல வந்தது" என்றார். அந்த இன்னொரு கூட்டத்தைப் பற்றி அவரிடம் நான் கேட்கவில்லை.

உன்னிடம் கேட்கிறேன். வலது பக்கம் யாராவது இருந்தார்களா?

அக்கா


பிப்ரவரி 2

அக்காவுக்கு வணக்கம். தையல் பிரித்துவிட்டார்கள். சளி போய்விட்டது. உன் முழங்காலுக்கு இங்கே இருக்கிற டாக்டர் ஒரு தைலம் சொன்னார், எழுதி அனுப்புகிறேன்.

யாரோ திருப்பதி லட்டு கொண்டுவந்தார்கள். எட்டுப் படகுக்கும் பிட்டுப் பிட்டுக் கொடுத்தோம். ஒரு பஞ்சாப்காரர் முந்திரியை மட்டும் எடுத்துத் தின்றுவிட்டு மிச்சத்தை சுரேஷ்பாபுவுக்குக் கொடுத்தார். நம் ஏரிக்கு இந்த வருஷம் பூநாரை நிறைய வந்திருப்பதாக துர்கா எழுதியிருந்தாள். படகுச் சத்தம் இல்லாததால் படகுத்துறை வரைக்கும் வந்து நிற்கின்றனவாம்.

மழை வந்தால் சுரேஷ்பாபு இப்போதெல்லாம் வலது பக்கத்தை விட்டு நகர்வதில்லை. சாப்பிடக் கூப்பிட்டாலும் வருவதில்லை.

தம்பி


பிப்ரவரி 20

அக்கா, நலமா? நான் நலம்.

எங்கள் படகுகளை இனி மீட்பு வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். முகப்பில் இரண்டு பக்கமும் ரேடியம் ஒட்டலாம் என்று உத்தரவு வந்திருக்கிறது. லெப்டினன்ட் ஐயா ஒவ்வொரு படகாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நம் படகின் இடது பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். வலது பக்கம் வந்து, பிளேடு கீறல்களைத் தொட்டுப் பார்த்து, "இங்கே என்ன இருந்தது?" என்றார்.

ஒரு நாமம் வெட்டி அனுப்பு, அக்கா. வலது பக்கத்துக்கு.

முனிரத்தினம்


திருப்பதி
பிப்ரவரி 27

என் முனிக்கு, அக்காவின் அன்பு. இன்று உடம்பைப் பற்றி ஒன்றும் கேட்கப்போவதில்லை. மனசு எப்படி இருக்கிறது என்று தெரியும்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதிவிட்டாய். இனி கேட்க மாட்டேன். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்றும் தெரியும். சுரண்டச் சொன்னது நான். அது என் மேல் விழக்கூடாது என்றுதான் லட்டையும் பூநாரையையும் எழுதினாய். உன் பிளேடுக்குப் பின்னால் என் கை இருந்தது, தம்பி. உன் உயிருக்குப் பயந்து எழுதினேன். திரும்ப அந்த நாள் வந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நாமம் தெரியாமல், எதிரிப் படகு என்று மூச்சுக் காட்டாமல் இருந்துவிட்ட அந்தப் பக்கத்து ஆட்களின் பெயர்கூட எனக்குத் தெரியாது. யாருக்கோ தம்பியாக இருந்திருப்பார்கள். அந்தப் பாரத்தை நீ ஒருவனே தூக்காதே, பாதியை இங்கே கொடுத்துவிடு.

நேற்று மலையேறி மொட்டை போட்டுக்கொண்டேன். வேண்டுதல் உனக்காக, போட்டது அவர்களுக்காக.

ஒன்று கேட்டாய், எட்டுப் படகுக்கும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். நம் படகுக்கு மட்டும் கொஞ்சம் பெரிது. யாமினி மெஷினில் போடுகிறேன் என்றாள், வேண்டாம் என்று நானே கத்தரியால் வெட்டினேன். வெட்டும்போது கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற ஆளை மனதில் வைத்துத்தான் வெட்டினேன். இந்த முறை கடைப் பெயர் போடவில்லை.

அந்த இடத்தைச் சோப்புத் தண்ணீரால் கழுவிவிட்டு நன்றாகக் காய விடு. பூஜை போட யாராவது எண்ணெய் கொண்டுவந்தால் தூரமாக நிற்கச் சொல். அடியிலிருந்து மேலே நீவி ஒட்டு, காற்றுக் குமிழ் நிற்கக் கூடாது.

ஒட்டி முடித்ததும் பொழுது சாயட்டும். படகைக் கரையோரம் நிறுத்தி, வலது பக்கம் தண்ணீரில் இறங்கி, தள்ளிப் போய் நில். டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ஒரே ஒரு தடவை அடித்துப் பார். அங்கிருந்து அந்த ஆள் தெரிகிறாரா என்று எனக்கு எழுது.

அக்கா அலர்மேல்மங்கை